பச்சோந்திக் கூண்டில் உயிர்ச்செடிகள்: முதலில் வாங்கி கடைசியில் வைப்பதற்கு ஒரு முழு வழிகாட்டி

புதிதாகப் பச்சோந்தி வளர்க்கத் தொடங்கியவர்கள் எனக்கு அனுப்பும் போட்டோக்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். உயரமான வலைக்கூண்டு, தரையில் மூன்று தொட்டி, மேல் பாதி முழுக்கக் காலி. குறுக்கே ஒரே ஒரு கிளை, அதன் நுனியில் பாவமாக ஒரு பச்சோந்தி. செடிகள் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் பச்சோந்திக்கு எட்டாத உயரத்தில், அதாவது அதற்குக் கீழே, இருக்கும்.

நான் டொராண்டோவில் வெய்ல்டு பச்சோந்தி வளர்க்கிறேன். ஏமனும் தென்மேற்கு சவூதியும் இதன் பூர்வீகம். முதல் கூண்டை அமைத்தபோது நானும் செடியில் தொடங்கி விளக்கில் முடித்தேன். மூன்று மாதத்தில் எல்லாவற்றையும் பிரித்து மறுபடி கட்ட வேண்டியதாயிற்று. கீழே உள்ள வரிசை அப்படிக் கற்றது. வளர்ந்த ஒரு பச்சோந்திக்கு 2 அடி அகலம், 2 அடி ஆழம், 4 அடி உயரமுள்ள வலைக்கூண்டை மனத்தில் வைத்து எழுதுகிறேன். மடகாஸ்கரின் பாந்தர் பச்சோந்திக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

1. எந்தப் பச்சோந்தி என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்

இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊர்க் காட்டுப் பச்சோந்தி 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். வெளிநாட்டு இனங்களை வைத்திருப்பவர்கள் 2024 விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். இதை முடிக்காமல் செடி வாங்கப் போகாதீர்கள்.

இனம் ஏன் முக்கியம் என்றால், வெய்ல்டு இலை தின்னும். ஆசைக்கு ஒரு கடி கடிப்பதோடு நிற்காது. துளிர், பூ, சில சமயம் காம்பு வரை போய்விடும். பாந்தர் அந்த அளவுக்குத் தின்னாது. ஆகவே வெய்ல்டு வளர்ப்பவர் கூண்டுக்குள் வைக்கும் ஒவ்வொரு செடியையும் தீனி என்று நினைத்தே தேர்வு செய்ய வேண்டும். பிளாஸ்டிக் செடி வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான். அதையும் கடித்து விழுங்கும், அது குடலில் போய் அடைத்துக்கொள்ளும்.

2. செடி வாங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

- அடியில் ஓட்டையுள்ள தொட்டிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு
- உரமும் பெர்லைட்டும் (வெள்ளையாக, லேசாக இருக்கும் குருணை) கலக்காத தொட்டிமண்
- பச்சோந்தியின் தலையைவிடப் பெரிய ஆற்றுக்கற்கள், ஒரு வாளி
- விரல் பருமனிலிருந்து கட்டைவிரலைவிடச் சற்றுத் தடிமன் வரை, பல அளவில் காய்ந்த கிளைகள்
- ஜிப் டை ஒரு கட்டு, கூண்டின் அகலத்துக்கு வெட்டிய உருட்டுக் கட்டைகள் நான்கு
- யூவிபி (புறஊதாக் கதிர்) குழல்விளக்கு, பச்சோந்தி வெயில் காய்வதற்கான சூடான பல்பு, செடிகளுக்கென்று தனியாக ஒரு வெள்ளை எல்இடி

கடைசியில் சொன்ன எல்இடியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். யூவிபி குழல் பச்சோந்தியின் எலும்புக்கு. 4 அடிக் கூண்டின் நடுப்பகுதிச் செடிக்கு அந்த வெளிச்சம் போதாது. செடி ஒரு மாதம் தாக்குப்பிடித்துவிட்டு மெல்ல வெளுத்து இலை உதிர்க்கும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து நாம் இன்னும் ஊற்றுவோம், வேரும் அழுகிப் போகும். 6500 கெல்வின் என்று போட்டிருக்கும் எல்இடி பட்டை ஒன்று மாட்டினால் இந்தத் தொல்லை இல்லை.

3. செடிகளைத் தேர்ந்தெடுப்பது

மூன்று வேலைக்கு மூன்று வகை தேவை. எடை தாங்க ஒரு மரவகை, மறைப்புக்குக் கொடிவகை, இடைவெளியை நிரப்ப சில சில்லறைச் செடிகள்.

எடை தாங்க என் முதல் தேர்வு ஷெஃப்லெரா, குடைபோல் இலை விரியும் செடி. தண்டு உறுதியானது. 150 கிராம் ஆண் பச்சோந்தி ஏறினாலும் லேசாக வளைவதோடு சரி. குழிந்த இலைகளில் துளி நன்றாகத் தங்கும். பச்சோந்தி கிண்ணத்துத் தண்ணீரைப் பொதுவாகக் கண்டுகொள்ளாது. இலையில் தொங்கும் துளியைத்தான் நக்கிக் குடிக்கும். அதனால் இலையின் வடிவம் அழகைத் தாண்டிய விஷயம்.

பைகஸ் பெஞ்சமினாவும் பலர் வைப்பதுதான். நல்ல கிளைப்பு உண்டு. ஆனால் இடம் மாற்றினால் கோபித்துக்கொண்டு பாதி இலையைக் கொட்டும், வெட்டினால் வெள்ளைப் பால் வடியும். அந்தப் பால் கண்ணில் பட்டால் எரியும். வைத்தால் ஒரே இடத்தில் நிலையாக வையுங்கள். கிளை வெட்ட வேண்டுமானால் வெளியே எடுத்து வெட்டி, கழுவி, பால் காய்ந்த பிறகு உள்ளே வையுங்கள்.

செம்பருத்தி சாப்பாட்டுக்கு மிக நல்லது. இலை, பூ இரண்டையும் வெய்ல்டு விரும்பித் தின்னும். ஆனால் அதற்கு வெளிச்சம் ஏராளமாக வேண்டும். இங்கே நவம்பர் முதல் மார்ச் வரை என் செம்பருத்தி குச்சியாகத்தான் நிற்கிறது. சென்னையிலோ கோலாலம்பூரிலோ மாடியில் ஒரு தொட்டி வைத்துப் பூவைப் பறித்துக் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம். கூண்டுக்குள் அடைக்க வேண்டியதில்லை.

கொடிக்கு மணி பிளான்ட். வேறு யோசனையே வேண்டாம். குறைந்த வெளிச்சம், அதிக ஈரம் இரண்டையும் பொறுத்துக்கொள்ளும், வெட்டினால் மறுபடி கிளைக்கும். இதில் கால்சியம் ஆக்ஸலேட் ஊசிப்படிகங்கள் உண்டு. நாய், பூனைக்கு ஆகாது என்ற பட்டியல்களில் இது இருப்பது அதனால்தான். ஆனாலும் வெய்ல்டு வளர்ப்பவர்கள் நெடுங்காலமாகப் பரவலாக வைப்பது இதைத்தான். என்னுடையதும் அவ்வப்போது ஒரு கடி கடித்துவிட்டுப் போகிறது. இதையே முழுச் சாப்பாடாக ஆக்கிக்கொள்ளாமல் இருக்க, தின்னத் தகுந்த வேறு இலையும் பக்கத்தில் இருக்கட்டும்.

இடைவெளிக்கு ஸ்பைடர் பிளான்ட், பாஸ்டன் ஃபெர்ன், சின்ன அரேகா பனை.

வைக்கவே கூடாதவை: அரளி, எருக்கு, டிஃபன்பாக்கியா, குரோட்டன், கள்ளியினத்துப் பால்செடிகள், அசேலியா, ஐவி. பெயர் தெரியாத செடியையும் இந்தப் பட்டியலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஒரு நண்பர் ‘வெப்பமண்டலச் செடிகள் கலவை’ என்று ஒட்டிய தொட்டி ஒன்றை வாங்கிவந்தார். உள்ளே நான்கு செடி. அதில் ஒன்று டிஃபன்பாக்கியா. வண்ண இலை பார்க்க அழகாக இருந்ததால் அதைத்தான் கூண்டின் நடுவில் வைத்திருந்தார்.

4. வாங்கிய அன்றே தொடங்கி, ஒரு மாதம் வெளியே

செடியை முதலில் வாங்கச் சொல்வது இதற்காகத்தான். நர்சரிச் செடி மேல் பூச்சிமருந்து இருக்கும். மேலே தெளித்தது கழுவினால் போகும். வேர்வழி ஏறும் மருந்து போகாது. இமிடாகுளோபிரிட் போன்றவை செடியின் திசுவுக்குள்ளேயே வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் தங்கும். அந்த இலையைப் பச்சோந்தி நேரடியாகவும் தின்னலாம், இலையைத் தின்ற இரைப்பூச்சி மூலமும் அது உள்ளே போகலாம்.

நான் செய்வது இது:

வந்த அன்றே ஷவருக்கு அடியில் வைத்து, ஒவ்வொரு இலையையும் மேலும் கீழும் விரலால் தேய்த்துக் கழுவுவேன். வாசனையில்லாத பாத்திரச் சோப்பு இரண்டு சொட்டு போதும். பிறகு நுரை போக அலசுவேன். இலையின் அடிப்பக்கம் முக்கியம். சிலந்திப்பேனும் மாவுப்பூச்சியும் அங்கேதான் இருக்கும்.

அப்புறம் வேரோடு வெளியே எடுத்து, கடை மண்ணை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து விடுவேன். மண்ணில் மஞ்சளாகவோ நீலமாகவோ கடுகளவு உருண்டைகள் தெரிந்தால் அது மெதுவாகக் கரையும் உரம். வெள்ளையாக மிதப்பது பெர்லைட். இரண்டும் பச்சோந்தியின் வயிற்றுக்குள் போகக் கூடாதவை. முழுவதும் உதிர வேண்டும் என்று வேரைப் பிய்க்க வேண்டாம், முக்கால்வாசி போனால் போதும்.

புது மண்ணில் நட்டு, ஜன்னலோரம் குறைந்தது நான்கு வாரம். வேர்வழி மருந்து போட்ட செடி என்று தெரிந்தால், அல்லது சந்தேகம் இருந்தால், இன்னும் நீட்டுங்கள். புதிதாக வந்த இலைகள் பாதிக்கு மேல் ஆகும் வரை காத்திருப்பது என் வழக்கம். அவசரப்படுபவர்களுக்கு ஒரு வழி: ஏற்கெனவே வீட்டில் மருந்தில்லாமல் மணி பிளான்ட் வளர்க்கும் யாரிடமாவது நான்கு கொடி வெட்டி வாங்கித் தண்ணீரில் போடுங்கள். இரண்டு, மூன்று வாரத்தில் வேர் விடும். கடைச் செடியைவிட எனக்கு இதில்தான் நிம்மதி.

கூண்டுக்குள் போகும் முன் மண்ணை ஆற்றுக்கற்களால் மூடுங்கள். வெய்ல்டுக்கு மண் தின்னும் பழக்கமும் உண்டு. சின்னக் கூழாங்கல் போட்டால் அதையும் விழுங்கும். அதனால்தான் தலையைவிடப் பெரிய கல் என்றேன்.

5. தண்ணீர் போக வழி

தினம் இரண்டு வேளை தெளிக்கும் தண்ணீர் எங்காவது போயாக வேண்டும். கூண்டின் அடியில் ஒரு தட்டு. தொட்டிகள் அதில் உட்காராமல் சற்று உயர்த்தி இருக்கட்டும். வலைத்தரை பாரம் தாங்காது. ஒரு பலகையில் ஓட்டை போட்டு வைத்து அதன்மேல் தொட்டியை வையுங்கள். செடியெல்லாம் வைத்த பிறகு இதைச் செய்ய முயன்றால் முழுக்கூண்டையும் காலி செய்ய வேண்டிவரும்.

6. விளக்கை மாட்டி, உயரத்தை அளந்துகொள்வது

கிளையோ இலையோ எங்கே போக வேண்டும் என்பதை விளக்குதான் தீர்மானிக்கும். 5.0 அல்லது 6 சதவீதம் என்று போட்ட டி5 எச்ஓ வகை யூவிபி குழலை வலைக்கூரையின் மேல் வைத்தால், அதற்கும் பச்சோந்தியின் முதுகுக்கும் இடையே சுமார் 20 முதல் 23 செ.மீ. இருக்க வேண்டும். கிளைக்கு அல்ல, முதுகுக்கு. யூவி மீட்டர் வைத்திருப்பவர்கள் அந்த இடத்தில் யூவி குறியீடு 3-க்குப் பக்கம் வருகிறதா என்று பாருங்கள். வெயில் காயும் பல்புக்குக் கீழே அதே உயரத்தில் தெர்மாமீட்டர் வைத்தால் ஆணுக்கு 29, 30 டிகிரி செல்சியஸ், பெண்ணுக்கு 27, 28 போதும்.

இந்த வெயில் இடத்தை முகப்பு வலையில் ஒரு டேப் ஒட்டிக் குறித்துவையுங்கள். இனி வரும் எந்த இலையும் டேப்புக்கு மேலே, விளக்குக்கு நேர் கீழே வரக் கூடாது. ஒரு இலை மறைத்தாலும் யூவிபி பெருமளவு குறையும். பல்புக்குப் பக்கத்தில் போன இலை கருகவும் செய்யும்.

7. செடிக்கு முன் கிளை

தொடங்குபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. செடி இருந்தால் பச்சோந்தி அதில் ஏறிக்கொள்ளும் என்று நினைக்கிறார்கள். மணி பிளான்ட் கொடியில் அது நடக்க முடியாது. தொங்கித் தவிக்கும், கடைசியில் வலையில் நகத்தை மாட்டிக்கொண்டு ஏறும். பச்சோந்தி எந்நேரமும் வலையிலேயே இருந்தால் கூண்டுக்குள் வழி இல்லை என்று பொருள். நகம் பிய்ந்து வருவதும் அங்கேதான்.

உருட்டுக் கட்டைகளை மூன்று உயரத்தில், கூண்டின் சட்டத்தோடு ஜிப் டையால் கட்டுங்கள். வலையோடு கட்டினால் கிழிந்துவிடும். கிளைகளை அந்தக் கட்டைகளில் பிணையுங்கள். வெயில் இடத்தில் ஒன்று கிடைமட்டமாக. அங்கிருந்து எதிர்மூலைக்குச் சரிந்து இறங்கும் ஒன்று. நடுவில் குறுக்கே இரண்டு. கீழே வரை ஒரு வழி.

எல்லாம் ஒரே தடிமனாக இருக்க வேண்டாம். பச்சோந்தியின் பாதம் இடுக்கி மாதிரி, இரண்டு விரல் ஒரு பக்கம், மூன்று விரல் மறுபக்கம். மெல்லிய குச்சியை முழுதாகச் சுற்றிப் பிடிக்கும், தடித்ததைப் பாதி அணைக்கும். மாறி மாறி இருந்தால்தான் பாதத்துக்கு வேலை.

8. பெரிய செடி, பிறகு கொடி, பிறகு சில்லறை

ஷெஃப்லெராவைத் தரையில் வைக்காதீர்கள். 4 அடிக் கூண்டில் 2 அடிச் செடி தரையில் இருந்தால் கீழ்ப்பாதியோடு முடிந்துவிடும், பச்சோந்தியோ மேல்பாதியில் வாழ்வது. கவிழ்த்த தொட்டியையோ உறுதியான ஸ்டூலையோ பீடமாக வைத்து, செடியின் நுனி டேப்புக்கு ஒரு சாண் கீழே வரும்படி ஏற்றுங்கள். பின்பக்க மூலை நல்ல இடம். முன்னால் வைத்தால் கதவு திறக்கும்போதெல்லாம் கிளை உடையும்.

அடுத்து மணி பிளான்ட். தொட்டியை மேல் மூலையில் தொங்கவிட்டு, கொடியைக் கிளைகளின் மேலும் பக்கச் சுவரிலும் ஓடவிடுங்கள். தொட்டியின் எடையைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். 8 அங்குலத் தொட்டி ஈரமானால் நான்கைந்து கிலோ வரும். என்னுடைய முதல் தொங்கும் தொட்டி காய்ந்த மண்ணோடு ஒரு வாரம் சமர்த்தாகத் தொங்கியது. ராத்திரித் தெளிப்பு தொடங்கிய மூன்றாம் நாள், விடியற்காலையில் வலையைப் பிய்த்துக்கொண்டு விழுந்தது. பச்சோந்தி எதிர்மூலையில் தூங்கிக்கொண்டிருந்ததால் பிழைத்தது. இப்போதெல்லாம் 4 அங்குலத் தொட்டிக்கு மேல் தொங்கவிடுவதில்லை. அதுவும் குறுக்குக் கட்டையில் இரண்டு இடத்தில் கட்டி, கையால் இழுத்துப் பார்த்த பிறகுதான்.

கடைசியாக ஃபெர்ன், ஸ்பைடர் பிளான்ட் எல்லாம் கீழே, ஈரம் தங்கும் இடத்தில்.

பெண் பச்சோந்தி வைத்திருப்பவர்கள் இங்கே ஒரு மூலையைக் காலியாக விடுங்கள். ஆண் இல்லாமலேயே பெண் முட்டையிடும். ஓர் அடி நீளம், அகலம், ஆழத்தில் ஒரு தொட்டி. அதில் தோண்டினால் சரியாத ஈர மணல். எல்லாத் தொட்டியையும் கல்லால் மூடிவிட்டு இதை மறந்தால் தோண்ட இடமில்லாமல் முட்டையை அடக்கிக்கொள்ளும், அது உயிருக்கே ஆபத்து.

9. ஒளிய இடம் இருக்கிறதா, வெயில் காய இடம் இருக்கிறதா

கூண்டுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்காருங்கள். நடுப்பகுதியில், எங்கிருந்து பார்த்தாலும் பச்சோந்தி அளவு பொருள் ஒன்று முழுதாக மறையும் இடம் வேண்டும். நான் ஒரு வாழைப்பழத்தை வைத்துப் பார்ப்பேன், கிட்டத்தட்ட அதே நீளம். என் மனைவிக்கு இதைப் பார்த்தால் இன்னும் சிரிப்பு. பழம் முழுதாகத் தெரிந்தால் அந்தப் பக்கம் இன்னும் இரண்டு கொடி.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. காடு மாதிரி அடைத்துவிட்டால் காற்று ஓடாது, ஈரம் காயாது, இலைகளில் பூஞ்சை வரும், இரை எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. உத்தேசமாக, மேல் கால்பாகம் திறந்தவெளி, நடுப்பாதி அடர்த்தி, கீழே மறுபடி கொஞ்சம் காலி. பச்சோந்தி வெயிலுக்கு வரவும் இலைக்குள் மறையவும் ஓரிரண்டு அடி எடுத்து வைத்தால் போதும்படி இருக்க வேண்டும்.

10. ஒரு வாரம் காலியாக ஓடட்டும்

பச்சோந்தியை விடும் முன், எல்லாவற்றையும் டைமரில் போட்டு ஏழு நாள் ஓட்டுங்கள். விளக்கு 12 மணி நேரம். தெளிப்பு விளக்கு எரியும் முன் ஒரு முறை, அணைந்த பின் ஒரு முறை. ஈரமானி பகலில் 30 முதல் 50 சதவீதத்தில் இருந்து, இரவில் 80-க்கு மேல் ஏற வேண்டும். இங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும்போது வீட்டின் ஈரம் 20, 25-க்கு இறங்கிவிடும். அதனால் இரண்டு பக்க வலையை வெளியிலிருந்து பிளாஸ்டிக் தாளால் மூடுகிறேன். கடற்கரை ஊரில் இருப்பவர்களுக்கு நேர் எதிர்ப் பிரச்சினை, அடுத்த தெளிப்புக்குள் இலை காய்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

இந்த வாரத்தில் எந்த இலை கருகுகிறது, எந்தத் தொட்டியில் தண்ணீர் தேங்குகிறது, எந்தக் கட்டு தளர்கிறது என்று எல்லாம் தெரிந்துவிடும். பச்சோந்தி உள்ளே இருக்கும்போது கையை விட்டுச் சரிசெய்வது அதற்குப் பெரிய தொந்தரவு.

11. பச்சோந்தி வந்த பிறகு

முதல் இரண்டு வாரம் எதையும் நகர்த்தாதீர்கள். எந்தக் கிளையில் தூங்குகிறது, எங்கே துளி குடிக்கிறது என்று பார்த்து, பிறகு வேண்டுமானால் ஒன்றிரண்டை மாற்றலாம்.

தொட்டிக்குத் தனியாகத் தண்ணீர் ஊற்றுவதற்கு முன், கல்லை ஒதுக்கி விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். தெளிக்கும் தண்ணீரே பாதித் தொட்டிகளுக்குப் போதும். சின்னக் கறுப்புக் கொசுக்கள் மண்ணிலிருந்து எழும்பினால் ஈரம் அதிகம் என்று புரிந்துகொள்ளலாம்.

இரையாகப் போடும் சிள்வண்டை (கிரிக்கெட் பூச்சி) செடிக்குள் அவிழ்த்துவிடாதீர்கள். தொட்டிக்குள் ஒளிந்துகொண்டு, ராத்திரியில் தூங்கும் பச்சோந்தியைக் கடிக்கும். கிளைக்குக் கீழே ஒரு கிண்ணத்தைக் கட்டி அதில் போடுங்கள்.

குழாய்த் தண்ணீரில் உப்பு அதிகமென்றால் இலையெல்லாம் வெள்ளைப் புள்ளி வரும். ஆர்ஓ அல்லது காய்ச்சி வடித்த தண்ணீரைத் தெளித்தால் வராது. எச்சம் விழுந்த இலையை அன்றன்றே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். ரசாயன உரம் வேண்டாம். செடி களைத்தால் வெளியே எடுத்து, மண்புழு உரம் கலந்த மண்ணில் மாற்றி, ஒரு மாதம் ஜன்னலோரம் விடுங்கள்.

அதற்காகவே எல்லாவற்றிலும் இரண்டு செட் வைத்திருக்கிறேன். ஒன்று உள்ளே, இன்னொன்று ஜன்னலில். என் பச்சோந்தி ஷெஃப்லெராவின் துளிரை மட்டும் தேடித்தேடித் தின்கிறது. இரண்டு மாதத்தில் செடி மொட்டையாகிவிடும். அப்போது இரண்டையும் இடம் மாற்றுவேன். புதுச் செடி உள்ளே போனதும் அது ஒரு கண்ணை இலைப்பக்கமும் மறுகண்ணை என் கைப்பக்கமும் வைத்துக்கொண்டு, கதவை நான் மூடும்வரை அசையாமல் காத்திருக்கும்.